மீன் தொட்டியை மூடிவிட்டீர்களா?

எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டுக்குள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். "வரும் ஞாயிறு காலை 10 மணி முதல் எல்லா பிளாக்குகளிலும் பூச்சி மருந்து அடிக்கப்படும். உணவுப் பொருள்களை மூடி வைக்கவும். குழந்தைகளும் முதியோரும் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கவும். மீன் தொட்டி வைத்திருப்போர் தொட்டியை மூடி, காற்று மோட்டாரை நிறுத்தி வைக்கவும். ஒத்துழைப்புக்கு நன்றி."

அந்த மீன் தொட்டி வரியைக் கவனியுங்கள். நம் ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடைக்கு மேடை ஒப்பாரி வைப்பவர்கள் இந்த லிஃப்டில் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். மருந்து காற்றில் மிதந்து வந்து தொட்டித் தண்ணீரில் படிந்தாலே மீன் செத்துப்போகும் என்பது மூன்றாம் மாடிக்குத் தெரியும், ஏழாம் மாடிக்குத் தெரியும், வாசலில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டிக்கும் தெரியும். தெரிந்துதான் காசு கொடுத்து வாங்கிய தங்கமீனுக்குப் பழைய போர்வையைப் போர்த்துகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, மருந்து படிந்த தரையை மாப்பு போட்டுத் துடைத்து, பிழிந்த தண்ணீரை பாத்ரூமில் கொட்டுகிறார்கள். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்திலும் மீன் உண்டு. அதற்குப் போர்வை கிடையாது. அது மெயின்டனன்ஸ் கட்டுவதில்லை, வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை.

ஆகவே 'எங்களுக்குத் தெரியாதே' என்ற சாக்கை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். தெரிந்தே செய்கிறோம். இனி நம் சாதனைகளை ஒவ்வொன்றாகப் பாராட்டலாம்.

மருந்து அடிக்க வருகிற பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். கையுறை கிடையாது, முகத்தில் ஒரு கைக்குட்டை. பாட்டில் மூடியால் அளந்து கேனில் ஊற்றி, எங்கள் குழாய்த் தண்ணீரால் நிரப்பி, கையால் பம்ப் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவான். பின்னாலேயே சங்கச் செயலாளர். ஓய்வு பெற்ற அதிகாரி. எதையும் மேற்பார்வை பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"என்னப்பா, வாசனையே வரலை?"

"இது வாசனை இல்லாத மருந்து சார். புதுசு."

"வாசனை வராம மருந்து அடிச்சேன்னு நான் ஜெனரல் பாடியில எப்படிச் சொல்றது? இன்னும் ரெண்டு மூடி விடு."

விட்டான். நாற்பது வீட்டுக்கும் அந்த இரண்டு மூடி சேர்ந்தே போயிற்று. வேலை முடிந்ததும் கேனைக் கழுவ வேண்டுமே, எங்கே கழுவினான்? முற்றத்தில் ஒரு இரும்புச் சல்லடை இருக்கிறது, அதன் மேல்தான் கவிழ்த்துக் கழுவினான். அது மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் வாய். 2003இல் சட்டம் போட்டு, காலக்கெடு விதித்து, தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு கட்டவைத்த தொட்டி. வானத்திலிருந்து வருகிற சுத்தமான தண்ணீரை வடிகட்டி நிலத்துக்குள் அனுப்பும் அந்த வழியாக, கரப்பான் மருந்தையும் பத்திரமாக அனுப்பிவைத்தோம். கீழே இருபது அடி தள்ளி எங்கள் போர்வெல். "போர் தண்ணி சரியில்லைங்க, நாங்க கேன் தண்ணிதான் குடிக்கிறோம்" என்று வருகிற விருந்தாளியிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். சரியில்லாமல் போனதில் நமக்கும் ஒரு பங்கு இருக்குமோ என்ற சந்தேகம் இதுவரை எந்தக் கூட்டத்திலும் எழுந்ததில்லை.

அந்தக் கேனில் இருப்பது பெரும்பாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகையறா. ஒரு வகைச் சாமந்திப் பூவில் இயற்கையாக இருக்கிற பூச்சிக்கொல்லியைப் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் அதைவிடப் பல மடங்கு வீரியமாகச் செய்த சரக்கு. பூவிலிருந்து பிறந்தது என்பதாலேயே விளம்பரத்தில் குழந்தை தவழ்கிறது, அம்மா புன்னகைக்கிறாள். மனித உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் சிதைத்து வெளியேற்றிவிடும், உண்மைதான். மீனின் உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஒரு லிட்டர் நீரில் ஓரிரு மைக்ரோகிராம் சைபர்மெத்ரின் இருந்தாலே பல மீன்களுக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். சென்னைக்காரருக்குத் தண்ணீரை டேங்கர் லாரிக் கணக்கில் சொன்னால்தான் புரியும்: ஒரே ஒரு கிராம் மருந்து, 12,000 லிட்டர் லாரி எண்பதுக்கும் மேல் வரிசையாக நிறுத்தினால் அத்தனை தண்ணீரையும் அந்த அளவுக்குக் கெடுக்கப் போதும். நல்லவேளை, முழுதும் தண்ணீரில் நிற்காது. பெரும்பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்ளும் என்று மருந்துக்காக வாதாடுவார்கள். சேற்றில் யார் வாழ்கிறார்கள் என்று கேட்டால் வாதம் முடிந்துவிடும். இறாலும் நண்டும். கரப்பானும் இறாலும் ஒரே பெரிய குடும்பத்துப் பங்காளிகள். கரப்பானின் நரம்பை முறுக்கிக் கொல்லும் மருந்து, இறாலைப் பார்த்து 'நீ கிலோ அறுநூறு ரூபாய், உன்னை விட்டுவிடுகிறேன்' என்று விலகிப் போகாது.

எட்டாம் மாடி சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர். வீட்டு ஹாலில் இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் படம். சனிக்கிழமை தோறும் ஆர்கானிக் அங்காடிக்குப் போய், புழு குடைந்த கத்தரிக்காயைப் பெருமையோடு கூடுதல் விலைக்கு வாங்கி வருவார். "இந்த விவசாயிங்க மருந்து அடிச்சு அடிச்சே மண்ணையும் தண்ணியையும் நாசம் பண்ணிட்டாங்க சார்" என்பார். அன்று ராத்திரி அவர் சமையலறையில் ஒரு கரப்பான் தெரிந்தது. ஸ்ப்ரே டப்பாவை எடுத்தார். கரப்பான் ஓடியது, அவரும் ஓடினார். கடைசியில் அது மருந்திலேயே மூழ்கிச் செத்தது என்று நினைக்கிறேன். ஒரு கரப்பானுக்கு அரை டப்பா. வயலில் இருக்கிறவன் கடன் வாங்கிய காசில் மருந்து வாங்குகிறான். மில்லி மில்லியாகக் கணக்குப் பார்ப்பான். எட்டாம் மாடிக்கு அந்தக் கணக்கு கிடையாது. வயலில் அடிப்பதும் அவர் அடுப்படியில் அடிப்பதும் ஒரே வேதிக் குடும்பம், பல சமயம் ஒரே பெயர். இரண்டும் ஒரே 1968ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்தச் சட்டமே பிணங்களின் மேல் எழுந்தது. 1958இல் கேரளத்தில், சரக்கோடு சரக்காக வந்த பாரத்தியான் மருந்து கோதுமை மாவில் கசிந்து நூறு பேருக்கு மேல் செத்த பிறகுதான் அரசாங்கம் கண் விழித்தது. பத்து வருடம் சோம்பல் முறித்துவிட்டுச் சட்டம் போட்டது. அதுவும் டப்பாவின் மேல் எதை அச்சடிக்க வேண்டும் என்று சொல்லும். உங்கள் வீட்டுக்குள் வந்து எவ்வளவு அடித்தீர்கள் என்று எட்டிப் பார்க்காது. எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியதும்.

கட்டுமானக்காரர்களை விட்டுவிட்டால் பாவம் சேரும். ஏரியை மூடி மனை போட்டு, அடுக்கு மாடி எழுப்பும் ஊர் இது. அஸ்திவாரம் தோண்டும்போதே கரையான் மருந்து ஊற்ற வேண்டும் என்பது நடைமுறை. 1 சதவீத குளோர்பைரிஃபாஸ் கரைசல், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று தர நிர்ணயக் கணக்கே உண்டு. அமெரிக்காவில் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை நினைத்து 2000ஆம் ஆண்டிலேயே வீட்டு உபயோகத்திலிருந்து விலக்க முடிவு செய்த மருந்து அது. நாம் அதை ஏரியின் நடு வயிற்றில் ஊற்றி, 'பத்து வருட உத்தரவாதம்' என்று சான்றிதழும் வாங்கி ஃபைலில் வைக்கிறோம். டிசம்பரில் ஏரி தன் இடத்தைத் தேடித் திரும்பி வரும். முதல் மாடிப் படி வரை தண்ணீர் நிற்கும். படகில் வந்து பால் பாக்கெட் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கரையான் வந்துவிடும் என்று பயந்தவனின் தொலைநோக்குக்குச் சிலையே வைக்கலாம்.

இனி மாநகராட்சி. டெங்கு செய்தி வந்த மறுநாள் சாயங்காலம் தெருவில் புகை வண்டி வரும். டீசலில் பூச்சி மருந்தைக் கலந்து அடிக்கிற வெண்புகை. அதன் பின்னால் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடும். பெரியவர்கள் பால்கனியில் நின்று செல்போனில் படம் எடுப்பார்கள். எடுத்த கையோடு ஜன்னல்களைச் சாத்திக்கொள்வார்கள், புகை நாறுகிறது அல்லவா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அப்போது எங்கே இருக்கும்? சாத்திய ஜன்னலுக்கு உள்ளே, திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் நிம்மதியாக இருக்கும். அது பகலில் கடிக்கிற கொசு. சாக்கடை அதற்கு ஆகாது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் கீழ்த் தட்டு, மூடாத சம்ப், மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், தாத்தா காலத்து ஆட்டுக்கல் என்று நல்ல தண்ணீரில் முட்டை வைக்கிற குடும்பப் பாங்கான கொசு. ஏழெட்டு நாளில் முட்டை கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை அந்தத் தட்டைக் கவிழ்த்தால் கதை முடிந்தது. தட்டைக் கவிழ்ப்பதைப் படம் எடுத்துப் போட்டால் எந்தக் கவுன்சிலருக்கு லைக் விழும்? புகைக்கு விழும்.

மந்திரி வருகிறார் என்றால் இன்னொரு திருவிழா. சாலையின் இரு ஓரமும் பிளீச்சிங் பவுடர் கோலம். கொசுவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மந்திரியின் கார் கடந்தால் பாதி பறக்கும், மறு மழையில் மீதி மழைநீர் வடிகாலுக்குள் இறங்கும். மழைநீர் வடிகால் என்பது பெயரளவில்தான். கள்ளத்தனமாகச் சேர்த்த சாக்கடைக் குழாய்களோடு அது கூவத்துக்கும் அடையாறுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நேராகத் திறக்கிறது. நடுவே பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. முறையாகச் சாக்கடையில் போனாலும், நெசப்பாக்கமும் கோயம்பேடும் பெருங்குடியும் மலத்தைச் செரிக்கக் கட்டப்பட்டவை. உங்கள் கரப்பான் மருந்தை முழுதாகச் செரித்துக்கொடுக்க வேண்டும் என்று யாரும் அவற்றிடம் சொல்லி வைக்கவில்லை.

இதில் உச்சக்கட்ட நகைச்சுவை ஒன்று உண்டு. அதே மாநகராட்சி, கொசுப்புழு தின்பதற்காகக் கம்பூசியா மீன்களை நீர்நிலைகளில் விடும். மேயர் ஒரு குவளையைச் சாய்ப்பார், கைதட்டல் விழும். மீனைக் கொல்லும் மருந்து அதே நீருக்கு அடுத்த வாரம் மழையோடு போய்ச் சேரும். மீன் மட்டுமா? தட்டான் பூச்சியின் குஞ்சு மாதக் கணக்கில் தண்ணீருக்குள் வாழ்ந்து கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது. தலைப்பிரட்டை, நீர்வண்டு எல்லாம் நம் பக்கம் நின்று சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிற படை. மருந்து இறங்கினால் முதலில் சாவது இந்தப் படை. கொசு பத்து நாளில் மறுபடி பெருகிவிடும். தட்டானுக்கு மாதங்கள் வேண்டும். அந்த இடைவெளி முழுக்கக் கொசுவுக்கு எதிரி இல்லாத பொற்காலம். போதாததற்கு, மருந்தில் பிழைத்த கொசுவின் பிள்ளைகளுக்கு மருந்து பழகிவிடும். 'இந்த பிராண்ட் இப்பல்லாம் வேலை செய்யறதில்லை' என்று நீங்கள் கடையில் புலம்பி, இன்னும் காரமானதைக் கேட்பீர்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். கொசுவுக்குக் கொண்டாட்டம், கம்பெனிக்கும் கொண்டாட்டம்.

'ஆற்றைக் கெடுப்பது ஃபேக்டரியும் சாக்கடையும்தான், என் வீட்டு ஸ்ப்ரேயால் என்ன ஆகிவிடும்' என்பது படித்தவர்களின் பிரியமான வாதம். கலிபோர்னியாவில் ரோஸ்வில் என்றொரு புறநகர். வயல்வெளி இல்லை, ஆலைப் புகை இல்லை; புல்தரையும் வீடுகளும்தான். அங்கே ஓடைகளின் சேற்றை ஆராய்ந்தவர்கள் 2005இல் முடிவை வெளியிட்டார்கள். சேற்றில் வாழும் சிற்றுயிர்கள் சாகிற அளவுக்கு, பல இடங்களில், இதே பைரித்ராய்டு மருந்துகள். வந்த வழி குடும்பஸ்தர்களின் வாசலும் தோட்டமும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு டப்பாதான் அடித்திருப்பார்கள்.

எண்ணூர்ப் பக்கம், பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும், இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்கி இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது. பனையோலைக் கூடையின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவிப் பிடித்துக் கூடைக்குள் போடுவார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் அந்தச் சேற்றில் ஏற்கெனவே இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் இருக்கிறது. நகரத்தின் வடிகால்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. அவர்கள் கை வைக்கிற சேறு அது, கூடையோடு வாயில் போகிற தண்ணீர் அது. உங்கள் வீட்டுக் குழந்தை தவழும் தரையைப் பற்றி விளம்பரம் எடுக்கிறவர்களுக்கு இந்தத் தரை கண்ணில் படாது.

தன் வீட்டுத் தரையாவது பட்டதா? 2024 நவம்பரில் குன்றத்தூரில், எலிக்கு வைத்த மருந்து மூடிய வீட்டுக்குள் நச்சுக் காற்றாகி, ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகளைக் கொன்றது. அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழு முழுக்கக் கண்ணீர் முகங்கள், கூப்பிய கைகள். அடுத்த முறை லிஃப்டில் வந்த அறிவிப்பில் ஒரு திருத்தம் செய்திருந்தார்கள்: குழந்தைகள் இரண்டு மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பது நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த ஆண்டு ஜெனரல் பாடியில் ஒரு பெண்மணி எழுந்து, மருந்துக்குப் பதிலாகச் சில வேலைகளைச் செய்யலாமே என்றார். கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலை கட்டுவது. பெரிய சிவப்புக் கரப்பான்கள் சாக்கடைச் சேம்பரிலிருந்துதான் ஏறி வருகின்றன, ஆகவே பாத்ரூம் ஜல்லடைகளை மாற்றி, உடைந்த சேம்பர் மூடிகளைப் போடுவது. சமையலறை சிங்க்குக்கு அடியில் சொட்டுகிற குழாயைச் சரிபார்ப்பது. ராத்திரி எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைக்காமல் இருப்பது. அதற்கும் மீறி வந்தால் ஸ்ப்ரே வேண்டாம், கதவுக் கீலுக்குள் பொட்டு வைக்கிற ஜெல் போதும்; தரையைத் துடைத்து ஆற்றில் விட வேண்டிய அவசியமே இல்லை. "நல்ல யோசனை மேடம்" என்றார் செயலாளர். "ஆனா இதுக்கெல்லாம் பட்ஜெட் ஹெட் இல்லை." பூச்சி மருந்துக்கு ஹெட் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றிருந்ததை மாதம் ஒருமுறையாக்கி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று வந்திருந்தவர்களுக்கு வாங்கிய சமோசா, டீ செலவில் எல்லாக் காற்றுக்குழாய்க்கும் வலை கட்டி மிச்சம் பிடித்திருக்கலாம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்கிறவர்களுக்காக ஒன்று. புதுச்சேரியில் 1975 முதல் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது, கொசு போன்ற நோய்ப்பரப்பிகளுக்காகவே. பி.கே. ராஜகோபாலன் அதன் இயக்குநராக இருந்தபோது, 1981 முதல் ஐந்து ஆண்டுகள், யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவோடு ஒரு நகரமே மல்லுக்கு நின்றது. மருந்தை முதல் ஆயுதமாக எடுக்கவில்லை. அடைந்த சாக்கடைகளை ஓடவைத்தார்கள். வேண்டாத பள்ளங்களை மூடினார்கள். நீர்க்களையை வாரினார்கள். கிணறுகளில் மீன் விட்டார்கள். கொசுக்கடி மளமளவென்று குறைந்தது. கொசுப்புழுவைக் கொன்று மீனைத் தொடாத பிடிஐ என்ற பாக்டீரியாவையும் அதே மையம் நம் நாட்டிலேயே உருவாக்கிக் கொடுத்தது. புகை வரவில்லை. நாற்றம் வரவில்லை. அதனால்தானோ என்னவோ, இங்கே யாருக்கும் அது உறைக்கவும் இல்லை.

புதுச்சேரி சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரப் பயணம். சனிக்கிழமை தோறும் நம் ஆட்கள் கார் காராகப் போய்த்தான் வருகிறார்கள். திரும்பும்போது டிக்கியில் என்ன வருகிறது என்பதை வழியில் நிற்கிற சோதனைச் சாவடிக்காரரைக் கேளுங்கள், சொல்வார்.